காலி வீதியில் எங்கே நிறுத்துவது: கரையோரப் படப்பிடிப்பு நிறுத்தங்கள் பற்றிய ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

பொரளையிலிருந்து கடல் தெரியாது. நான்கு கிலோமீற்றர் அளவு தள்ளி இருக்கிறது. கிரிபத்கொடையிலிருந்து அங்குலானை போகும் 154 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் பம்பலப்பிட்டியில் காலி வீதியைப் பிடித்துத் தெற்கே திரும்பிவிடலாம். திரும்பிய பிறகும் கடல் முழுதாகத் தெரிவதில்லை. வெள்ளவத்தையில் புடவைக் கடைக்கும் நகைக் கடைக்கும் நடுவே, ஒவ்வொரு குறுக்குத் தெருவின் முடிவிலும் ஒரு துண்டு நீலம் எட்டிப்பார்த்து மறையும்.

கொழும்பிலிருந்து தெற்கே போகும் குடும்பங்கள் எல்லாம் படம் எடுக்கின்றன. எங்கே நிறுத்துகிறார்கள் என்று கவனித்தால், கடல் முதன்முதலாக முழுதாகத் தெரியும் இடத்தில் நிறுத்துகிறார்கள், அல்லது வேறு யாரோ நிறுத்தி எடுத்த படத்தை முன்பே பார்த்த இடத்தில் நிறுத்துகிறார்கள். வீடு திரும்பிய பிறகு அந்தப் படங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடிவதில்லை. நீலம், மணல், சாய்ந்த தென்னை. பேருவளையா மிரிஸ்ஸையா என்று எடுத்தவருக்கே தெரியாது.

காலிமுகத்திடலிலிருந்து தெவிநுவரை வரை, ஏ2 நெடுஞ்சாலை வழியாக ஏறக்குறைய 165 கிலோமீற்றர் நீளும் கரையே இந்த ஆய்வின் எல்லை. இதில் எங்கே நிறுத்தத் தகும், ஏன் தகும் என்பதே கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடல் அழகாகத் தெரிவது ஓர் இடத்தை நிறுத்தம் ஆக்கிவிடாது. வீதி, தண்டவாளம், மணல், மனிதர், நீர் ஆகியவை அந்த இடத்தில் எந்த ஒழுங்கில் அமைந்திருக்கின்றன என்பது ஒரே சட்டகத்தில் விளங்க வேண்டும். அப்படி விளங்கும் இடங்கள் இந்தக் கரையில் அதிகமில்லை. இருப்பவையும் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கின்றன.

2. பாதை அமைந்த விதம்

இந்தக் கரையை வெட்டிச் செல்பவை இரண்டு: வீதி ஒன்று, புகையிரதப் பாதை ஒன்று. கரையோரப் புகையிரதப் பாதை 1894 இல் காலியை எட்டியது. மறு ஆண்டு மாத்தறைக்குப் போய்ச் சேர்ந்தது. கொழும்புக் கோட்டையிலிருந்து பாணந்துறை வரை தண்டவாளம் கடலை ஒட்டியே போகிறது, வீதி உள்ளே ஒதுங்கி நிற்கிறது. அதனால் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை ஆகிய இடங்களில் கடலுக்கு முதல் உரிமை புகையிரதத்துக்குத்தான். அலைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கருங்கல் அணை மட்டும் கிடக்கிறது. கோட்டையிலிருந்து தெற்கே போகும் வண்டியில் வலப்பக்க ஜன்னலைப் பிடித்தவருக்குக் கிடைக்கும் கடல், காலி வீதியில் கார் ஓட்டுபவருக்குக் கிடைக்காது. மரைன் டிரைவ் என்னும் கரையோர வீதி வந்த பிறகு இந்தக் குறை ஓரளவு தீர்ந்தது. ஆனாலும் அங்கே நின்று கடலைப் பார்க்கும் எவரும் தண்டவாளத்தைக் கடந்துதான் பார்க்கிறார்.

அம்பலாங்கொடைக்குத் தெற்கே ஒழுங்கு மாறுகிறது. தண்டவாளம் உள்ளே விலக, வீதி கடலுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஹிக்கடுவையை அடுத்தும், காலியைத் தாண்டிக் கொக்கலைப் பகுதியிலும் வாகனத்தின் கதவைத் திறந்தால் சில அடிகளில் மணல். வடக்கே தண்டவாளம், தெற்கே வீதி என இந்த இடமாற்றத்தைப் புரிந்துகொண்டவர், எந்தப் பகுதியைப் புகையிரதத்திலிருந்தும் எந்தப் பகுதியை வீதியிலிருந்தும் எடுக்க வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்துவிடுவார். பாணந்துறை வரை வண்டி ஜன்னல், அம்பலாங்கொடையிலிருந்து வீதியோரம் என்பது என் முடிவு.

2011 நவம்பரில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை கொட்டாவையிலிருந்து காலி வரை திறக்கப்பட்டதும் பழைய வீதியின் தன்மை மாறியது. அவசரக்காரர்கள் உள்நாட்டு வழியாக, இறப்பர்த் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் இடையே போய்விடுகிறார்கள். அந்த வழியில் கடல் கண்ணில் படுவதில்லை. கரையோரப் பாதையில் இன்று போகிறவர்களில் ஒரு பகுதியினர் அதை வேண்டுமென்றே தேர்ந்தவர்கள். நின்று நின்று போவதற்கு இப்போது அந்த வீதி முன்னைவிட இடம் கொடுக்கிறது.

3. ஒளி

கரையின் திசை தெரியாமல் ஒளியைப் பற்றிப் பேசமுடியாது. கொழும்பிலிருந்து காலி வரை கரை சற்றே தென்கிழக்காகச் சாய்ந்து இறங்குகிறது. ஆகவே கடல் நேர் மேற்கைப் பார்க்காமல் கொஞ்சம் தென்மேற்காக முகம் காட்டுகிறது. கதிரவன் மறையும் புள்ளி ஆண்டுக்குள் மேற்கிலிருந்து 23 பாகை வடக்காகவும் அதே அளவு தெற்காகவும் நகரும். மார்கழியில் சூரியன் ஏறத்தாழக் கரைக்கு நேர் எதிரே, கடலின் நடுவில் இறங்குகிறது. ஆனியில் வடக்கே ஒதுங்கி, கரையின் ஓரத்தைத் தடவிக்கொண்டு மறைகிறது. வெள்ளவத்தைக் கரையில் ஆனி மாதத்து மாலை வெளிச்சம் கருங்கல் அணையின் ஒவ்வொரு கல்லிலும் பக்கவாட்டில் விழும். கல்லின் கரடுமுரடும், நீர்வழிந்த கறையும், நண்டும் அப்போது துலங்குகின்றன. அந்தி வானத்தை எடுக்க மார்கழி, கரையை எடுக்க ஆனி.

காலியைக் கடந்தால் கரை கிழக்காகத் திரும்புகிறது. கடல் தெற்கே வந்துவிடுகிறது. அங்கே மார்கழி, தை மாதங்களில் உதயமும் அந்தியும் இரண்டுமே கடல் பக்கம் நிகழும். ஆனி, ஆடியில் இரண்டும் நிலப்பக்கம் ஒதுங்கிவிடும். வளைகுடாக்களும் முனைகளும் இதைச் சிறிது மாற்றினாலும் பொதுவிதி இதுதான். ஆகஸ்ட் விடுமுறையில் மிரிஸ்ஸைக்குப் போய்க் கடலுக்குள் சூரியன் மறையும் என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவதற்கும் காரணம் இதுவே.

கொழும்பில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாலை 5.50 க்கும் 6.30 க்கும் இடையில் மறைகிறது. பூமத்திய கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாகவே இறங்கும். அந்தி வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நிற்கும். ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும் நீண்ட பொன்மாலை நமக்கு இல்லை. முக்காலியை விரித்து லென்ஸ் மாற்றுவதற்குள் இருட்டிவிடும். ஆகவே நிறுத்தத்தை மாலையில் தேடக்கூடாது. பகலில் போய் நின்ற இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு மாலையில் அங்கே திரும்ப வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டித்தான் பெரும்பாலான குடும்பங்கள் தெற்கே பயணம் போகின்றன. ஏப்ரல் 5 முதல் 15 வரையான அந்த நாட்களில்தான் நண்பகற் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கிறது. தூணுக்கு நிழல் இல்லாத அந்த வேளையில் மனித முகத்தில் கண்குழிகள் கறுத்துப்போகும். மணல் வெளிறிப் போகும். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் கரையை விட்டுவிட்டு, கோவில் மண்டபம், கோட்டைத் தெரு, மீன்சந்தைக் கூரையின் கீழ் என்று நிழலுக்குள் வேலை செய்வதே பொருத்தம்.

வற்றுப் பெருக்கு இங்கே மிகச் சிறியது, ஒரு மீற்றருக்கும் குறைவு. கரையை மாற்றுவது பருவக் காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம் மணலை அள்ளிக்கொண்டு போகும். நவம்பருக்குப் பிறகு கடல் அதைத் திருப்பிக் கொடுக்கும். ஒரே இடத்தை ஆடியிலும் தையிலும் எடுத்த இரு படங்களை அருகருகே வைத்தால் வெவ்வேறு ஊர் என்றே தோன்றும்.

4. முன்னே வந்தவர்கள்

ஜூலியா மார்கரெட் கேமரன் உலக ஒளிப்பட வரலாற்றில் முதல் வரிசைப் பெயர். 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். கணவர் சார்ள்ஸ் ஹே கேமரன், இலங்கை நிருவாகத்தை மாற்றியமைத்த கோல்புறூக் - கேமரன் ஆணைக்குழுவின் கேமரன் அவர்தான். இங்கே அவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875 இல் இருவரும் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கு வந்து, பெரும்பகுதி நாட்களைக் களுத்துறையில் கழித்தார்கள். தாவர ஓவியர் மேரியான் நோர்த் 1877 இல் அங்கே போய்த் தங்கியபோது கேமரன் அவரைப் படம் எடுத்தார். 1879 இல் கேமரன் மலைநாட்டில் காலமானார். கல்லறை பொகவந்தலாவைத் தேவாலயத்தில் இருக்கிறது.

கேமரன் இலங்கையில் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை மனிதர்களின் படங்கள்: வேலைக்காரர்கள், தோட்டத் தொழிலாளர்கள், நகையணிந்த பெண்கள். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள் என்று கருதப்படுகிறது. பெயர்கள் பதிவாகவில்லை. கடலோரத்தில் வாழ்ந்த ஒரு மாபெரும் கலைஞர் தம் கருவியைக் கடலுக்குத் திருப்பாமல் முகங்களுக்குத் திருப்பியதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஈரமான கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, அது காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டிய அந்தக் காலத்து முறையில், வெப்பமும் ஈரப்பதனும் நிறைந்த களுத்துறையில் ஒரு படம் தேறுவதே பெரும்பாடு. அத்தனை உழைப்பையும் அவர் எதற்குச் செலவழிக்கத் தகுந்தது என்று நினைத்தார் என்பது அந்தச் சிறு தொகுதியில் தெரிகிறது. அந்த முகங்களுக்குப் பெயர் இல்லாததுதான் அதன் குறை. அதைப் பற்றிக் கடைசிப் பகுதியில் மீண்டும் பேசவேண்டியிருக்கும்.

அடுத்து வந்தவை வணிக நிலையங்கள். ஸ்கீன், ஸ்கோவன், 1890 இல் தொடங்கிய பிளாட்டே ஆகிய நிலையங்கள் கப்பலில் வந்திறங்கும் பயணிகளுக்குப் படங்களும் தபால் அட்டைகளும் விற்றன. சாய்ந்த தென்னை, ஓரம் கட்டிய ஓடம், கல்கிசை வளைவு என்று இன்றுவரை நாம் மீண்டும் மீண்டும் எடுக்கும் சட்டகங்கள் அந்த அட்டைகளில் உறைந்தவையே. ஒரு சட்டகம் நூறாண்டுக்கு மேல் நிலைத்து நிற்பதற்கு அதன் அழகு மட்டும் காரணமாக இருக்க முடியாது. விற்பனையும் சேர்ந்தே அதை நிறுத்தியது.

அந்த வழக்கத்திலிருந்து விலகி நின்றவர் லயனல் வெண்ட் (1900 - 1944). பியானோக் கலைஞர், சட்டம் படித்தவர், ‘43 குழு’ என்னும் ஓவியர் குழுவுக்குப் பின்னணியில் நின்றவர். 1934 இல் பசில் ரைட் எடுத்த ‘இலங்கைப் பாடல்’ ஆவணப் படத்துக்குப் பின்னணிக் குரல் அவருடையது. அவருடைய படங்களைத் தொகுத்த நூல் அவர் இறந்த பிறகு 1950 இல் வெளிவந்தது. மீனவரின் தோள், வலையின் முடிச்சு, ஈரமணலில் கால்தடம் என்று கரையை உடலும் உழைப்புமாகப் பார்த்தவர் அவர். கொழும்பு 7 இல் அவர் பெயரில் இருக்கும் கலை மையத்துக்குப் பொரளையிலிருந்து நடந்தே போகலாம். தெற்கே புறப்படுவதற்கு முன் அவருடைய படங்களில் பத்தையாவது பார்த்துவிட்டுப் போகிறவர் நிறுத்தும் இடங்கள் வேறாக இருக்கும்.

5. காலிமுகத்திடல் முதல் களுத்துறை வரை

காலிமுகத்திடல் 1859 இல் ஆளுநர் வார்ட் காலத்தில் பொதுவெளியாக வகுக்கப்பட்டது. இன்று அங்கே நின்று வடமேற்கே பார்த்தால், 2014 இல் தொடங்கிக் கடலை நிரப்பி உருவாக்கிய 269 ஹெக்டயர் துறைமுக நகரம் தெரிகிறது. அதற்கு முன் அதே இடத்திலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் அங்கே நீர்தான் இருக்கும். இரண்டையும் ஒரே கோணத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. ஆனால் என்னைக் கேட்டால் காலிமுகத்தின் சிறந்த வேளை ஆடிவேல். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும் வேல் இரதம், தென்மேற்குப் பருவத்தின் சாம்பல் வானத்தையும் குமுறும் கடலையும் பின்னணியாகக் கொண்டு நகரும்போது, கடல், வீதி, மக்கள் என்னும் மூன்றும் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடுகின்றன. அந்தப் படத்தைப் பார்த்து இது எந்த ஊர் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

வெள்ளவத்தையில் நிறுத்தம் என்பது கடற்கரையில் இல்லை, குறுக்குத் தெருவின் நடுப்பகுதியில் இருக்கிறது. அங்கே நின்று மேற்கே பார்த்தால் மதில், மின்கம்பி, மாமரம், தெருமுனையில் தண்டவாளம், அதற்கப்பால் கடல் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கு விரியும். அந்த வேளையில் வண்டி ஒன்று கடந்துபோனால் கடல் ஒரு நொடி மறைந்து மீண்டும் வரும். எங்கள் ஊரின் கடல் அதுதான். தண்டவாளத்தில் இறங்கி நின்று எடுக்கும் வழக்கம் பரவிவருகிறது. அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இரட்டைத் தண்டவாளத்தில் ஒரு வண்டியைப் பார்த்து ஒதுங்குபவர் மற்றதன் முன் போய் நிற்கிறார். அலையிரைச்சலில் வண்டிச் சத்தமும் கேட்பதில்லை. உயிர்கள் போயிருக்கின்றன.

வெள்ளவத்தையைப் பற்றிப் பேசும்போது 1983 ஐ விட்டுவிட்டுப் பேச முடியாது. அந்த ஜூலையில் வன்முறை பொரளைக் கனத்தை மயானத்திலிருந்து கிளம்பிப் பரவியபோது இந்த வீதியில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. வீடுகளோடு ஆல்பங்களும் எரிந்தன. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இந்தக் கரையில் தமிழ்க் குடும்பங்கள் எடுத்துக்கொண்ட படங்களில் எத்தனையோ அப்படி அழிந்தன. தப்பியவை ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பெட்டிக்குள் கிடக்கக்கூடும். அவற்றில் மணல் எவ்வளவு அகலமாக இருந்தது, அணைக்கல் எங்கே தொடங்கியது, பின்னால் எந்தக் கட்டடம் நின்றது என்பதெல்லாம் இன்று கரையைப் படிக்க உதவும் சான்றுகள். வைத்திருப்பவர்கள் அவற்றை மின்வடிவில் பதிந்து, பின்புறத்தில் இடமும் ஆண்டும் எழுதிவைக்க வேண்டும் என்று இங்கே கேட்டுக்கொள்கிறேன்.

கல்கிசை முனையில் ஆளுநர் மெயிற்லண்ட் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை இன்று ஹோட்டலாக இருக்கிறது. அங்கிருந்து வடக்கே பார்த்தால் கொழும்பின் கரை முழுவதும் ஒரே வளைவாகத் தெரியும். பழைய தபால் அட்டைகளில் மிகவும் விற்ற கோணம் இது. மொறட்டுவை, பாணந்துறை, வாதுவை ஆகியவற்றை வண்டி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு போகலாம்.

களுத்துறையில் நிற்காமல் யாரும் போவதில்லை. அந்த நிறுத்தத்தை ஒளிப்படக்காரர்கள் உண்டாக்கவில்லை, சாரதிகள் உண்டாக்கினார்கள். பாலத்தருகே போதியின் முன் வாகனத்தை நிறுத்தி, உண்டியலில் நாணயம் போட்டு, பயணம் நல்லபடி முடிய வேண்டிக்கொண்டு போவது தென்பகுதி வழக்கம். தனியார் பஸ் நடத்துனர் ஓடிப்போய்க் காசு போட்டுவிட்டு ஓடிவந்து ஏறும் அந்த அரை நிமிடத்தை, பின்னால் உள்ளே வெறுமையாகக் கட்டப்பட்ட வெண்ணிறத் தாதுகோபத்துடன் சேர்த்து எடுப்பதைவிட இந்த வீதியைச் சொல்லும் படம் வேறில்லை.

அதே களுத்துறையில், களு கங்கை கடலில் விழும் இடத்தில் கலிடோ கடற்கரை என்றொரு மணல்திட்டு இருந்தது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல், நடுவே மெல்லிய மணல். 2017 மே மாத வெள்ளத்தில் ஊரைக் காப்பாற்ற நீர் வடிவதற்காகத் திட்டு வெட்டப்பட்டது. அதன் பிறகு அலை அந்த வெட்டை அகலமாக்கி மணலைக் கொண்டுபோயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பப் படங்களில் இருக்கும் ஒரு நிலம் இன்று முன்போல இல்லை. அதைப் பார்த்த பிறகு, கரையோரத்தில் எடுக்கும் எந்தப் படத்தையும் நாள் குறிக்காமல் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படுவதில்லை.

6. பேருவளையும் பெந்தோட்டையும்

பேருவளையில் கெச்சிமலைப் பள்ளிவாசல் கடலுக்குள் நீட்டிய முனையில் வெள்ளையாக நிற்கிறது. பக்கத்தில் மீன்பிடித் துறைமுகம், எதிரே தீவில் 19 ஆம் நூற்றாண்டு வெளிச்சவீடு. தமிழ் பேசும் முஸ்லிம் மக்களின் பழைய குடியிருப்புகளில் ஒன்று இந்த ஊர். பள்ளிவாசலை எடுக்க வருகிறவர்கள் துறைமுகத்துக்குள்ளிருந்து எடுப்பதே மேல்: படகுகளின் பாய்மரமும் கொடியும் முன்னணியில், குவிமாடம் பின்னணியில். காலையில் மீன் இறங்கும் வேளை. தமிழில் கேட்டால் தமிழில் பதில் கிடைக்கும், அனுமதியும் கிடைக்கும்.

பெந்தோட்டைப் பாலத்தில் மேல் மாகாணம் முடிந்து தென் மாகாணம் தொடங்குகிறது. இங்கே கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கையை அறுபதுகளின் கடைசியில் எழுந்த கடற்கரை ஹோட்டலிலும் புகையிரத நிலையத்திலும் காணலாம். அவர் 1948 இல் வாங்கிய லுணுகங்கைத் தோட்டம் ஆற்றோரம் உள்ளே இருக்கிறது. எந்தச் சன்னலிலிருந்து எதைப் பார்க்க வேண்டும் என்பதை வாழ்நாளெல்லாம் திருத்திக்கொண்டே இருந்தவரின் தோட்டம் அது. சட்டகம் போடக் கற்க விரும்புவோர் பார்த்துவிட வேண்டும்.

7. பெரலிய

ஹிக்கடுவைக்குச் சற்று வடக்கே, தெல்வத்தைக்கு அருகில் பெரலிய இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை, கொழும்பிலிருந்து தெற்கே போன புகையிரதம் இங்கே சுனாமி அலையில் அகப்பட்டது. முதல் அலையைக் கண்டு வண்டிக்குள்ளும் வண்டிக்குப் பின்னாலும் ஒதுங்கிய ஊர்மக்களையும் சேர்த்து ஏறக்குறைய 1,700 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. உலகப் புகையிரத வரலாற்றில் இதைவிடப் பெரிய உயிரிழப்பு நிகழ்ந்ததில்லை என்பார்கள்.

இரண்டாம் பகுதியில் சொன்ன ஒழுங்கை இங்கே நினைக்க வேண்டும். வெள்ளவத்தையில் அலை தெறிக்கும் தூரத்தில் ஓடும் தண்டவாளம், பெரலியவில் வீதிக்கு அப்பால், கடலிலிருந்து இருநூறு மீற்றர் அளவு உள்ளே இருக்கிறது. உள்ளே இருப்பது பாதுகாப்பு என்றுதான் எவரும் நினைத்திருப்பார். இந்தப் பகுதியில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகள் நெடுங்காலம் தோண்டப்பட்டு வந்தன. சுனாமிக்குப் பின் ஆராய்ந்தவர்கள், பாறை அகற்றப்பட்ட இடங்களில் அலை உயர்ந்தும் உள்ளே வெகுதூரமும் வந்ததையும், பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவைப் பக்கத்தில் சேதம் குறைந்ததையும் கண்டார்கள். ஹிக்கடுவைப் பாறைத்தொகுதி 1979 முதல் சரணாலயமாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் நீருக்கடியில் இருக்கும் ஒன்று, கரையில் யார் பிழைத்தார் என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

இங்கே படம் எடுக்கலாமா? எடுக்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் எதை எடுப்பது என்பதில் கண்டிப்பு வேண்டும். நினைவுச் சின்னமும், பாமியான் சிலையை ஒத்து ஜப்பானிய உதவியுடன் எழுப்பப்பட்ட உயர்ந்த புத்தர் சிலையும், ஊரவர் நடத்தும் சிறு படக்காட்சியகமும் இருக்கின்றன. சிலையின் முன் நின்று சிரித்தபடி எடுக்கப்பட்ட படங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த ஊருக்கு அது செய்யும் காயம் எடுத்தவர்களுக்குத் தெரியவில்லை என்றே எண்ணுகிறேன். வீதியின் கடற்பக்கம் நின்று உள்நாட்டுப் பக்கமாகத் திரும்பி எடுங்கள். வீதி, புதிய வீடுகள், தென்னைகள், அவற்றுக்குப் பின்னால் தண்டவாளம். நீர் எவ்வளவு தூரம் வந்தது என்பதைக் காட்டும் கோணம் அதுதான். இந்த முழுப் பயணத்திலும் கடலுக்கு முதுகைக் காட்டி எடுக்கவேண்டிய ஒரே நிறுத்தம் இது.

முல்லைத்தீவிலும் மருதமுனையிலும் கல்முனையிலும் அதே காலையில் உறவுகளை இழந்த தமிழரும் முஸ்லிம்களும் இங்கே இறங்கி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். மொழி தெரியாத ஊரில் அவர்களுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

8. காலியும் தெவிநுவரையும்

காலிக் கோட்டை போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்துக் கட்டியது. 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 1939 இல் எழுந்த வெளிச்சவீடும் அதன் அருகே தேவாலயம் போலத் தோன்றும் பள்ளிவாசலும் எல்லோரும் எடுக்கும் சட்டகம். கொத்தளத்தின் மேல் நின்று வெளிப்பக்கம் கிரிக்கெட் மைதானத்தையும் பஸ் நிலையத்தையும் பார்க்கும் கோணம் கூடுதலாகச் சொல்லும். 2004 இல் சுவர் உள்ளே இருந்தவற்றைப் பெருமளவு காத்தது. வெளியே அந்த மைதானமும் பஸ் நிலையமும் நீரில் மூழ்கின.

தமிழ் வாசகர் காலியில் தேடவேண்டிய இன்னொன்று உண்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த, 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்ட மும்மொழிக் கல்வெட்டு 1911 இல் காலி நகரில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாருக்குக் காணிக்கை செலுத்துகிறது. சீனத்திலிருந்து புறப்பட்ட கப்பற்படை ஒன்று இந்தத் தென்கரையில் பேசுவதற்குத் தெரிந்தெடுத்த மொழிகளில் தமிழ் ஒன்று. கல் இப்போது கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

அந்த நாயனாரின் இடம் தெவிநுவரை, மாத்தறைக்கு அப்பால் தீவின் தென்முனை. இபின் பதூதா பதினான்காம் நூற்றாண்டில் கண்டு எழுதிய பெருங்கோவிலைப் போர்த்துக்கேயர் 1588 இல் இடித்தார்கள். இன்று பயணிகள் அங்கே 1890 இல் ஒளியேற்றப்பட்ட 49 மீற்றர் உயர வெளிச்சவீட்டை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வெளிச்சவீடு அழகானதுதான். ஆனால் ஊருக்குள் விஷ்ணு தேவாலய வளவில் நிற்கும் பழைய கற்றூண்களை எடுக்காமல் வருவது இந்த ஊருக்குப் போகாமல் வருவதற்குச் சமம். காலை வெயில் சாய்வாக விழும்போது கல்லின் செதுக்கு தெரியும். எட்டு மணிக்கு முன் போய்விட வேண்டும்.

9. கொக்கலைக் கம்புகள்

வழியில் காலிக்கும் வெலிகமைக்கும் இடையே ஹபராதுவை, கொக்கலை, அஹங்கமைப் பகுதியைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்தேன். இந்த ஆய்வின் கடினமான கேள்வி அங்கேதான் இருக்கிறது.

ஆழமற்ற பாறைப்பரப்பில் கம்பு நட்டு, குறுக்கே ஒரு சிறு கட்டை கட்டி, அதில் அமர்ந்து ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையில் தூண்டிலோடு சிறுமீன் பிடிக்கும் வழக்கம் இங்கே உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டில் இது பரவியதாகச் சொல்கிறார்கள். ஒரு கம்பு தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் உரிமையாக இருந்தது. 1995 இல் அமெரிக்க ஒளிப்படக்காரர் ஸ்டீவ் மக்கறி வெலிகமையில் எடுத்த படம் இந்தக் காட்சியை உலகெங்கும் கொண்டுபோயிற்று. சுனாமிக்குப் பின் கரையும் பாறைப்பரப்பும் மாறின, பலர் தொழிலை விட்டார்கள். இன்று வீதியோரக் கம்புகளில் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பயணிகளிடம் காசு வாங்கிக்கொண்டு படத்துக்காக அமர்பவர்கள். வாகனம் நின்றதும் கம்பில் ஏறுகிறார்கள், போனதும் இறங்குகிறார்கள்.

இதைப் போலி என்று சொல்லி எடுக்காமல் போவோர் இருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. கல்கிசை வளைவைத் தபால் அட்டையில் விற்றவர் செய்ததும் ஒரு வணிகம். அங்கே காசு நிலையத்துக்குப் போயிற்று, இங்கே கம்பில் இருப்பவருக்குப் போகிறது. மீன் தராத வருமானத்தைக் கடல் வேறு வழியில் தருகிறது என்றால் அதைக் குறைசொல்ல நமக்கு என்ன உரிமை? நான் குறைசொல்வது வேறொன்றை. தொலைவில் வாகனத்துக்குள் இருந்தபடி டெலி லென்ஸால் எடுத்துக்கொண்டு, காசு கொடுக்காமல், அதைப் பாரம்பரிய மீனவர் என்று தலைப்பிட்டு வெளியிடுவது இரட்டைத் தவறு. உழைப்புக்குக் கூலி இல்லை, பார்ப்பவருக்கு உண்மை இல்லை.

கொக்கலையில் நிறுத்துகிறவர் இறங்கிப் போகட்டும். விலையை முதலில் பேசிக் கொடுத்துவிடட்டும். கொடுத்த பிறகு கம்பில் இருப்பவரை மட்டும் எடுக்காமல், கரையில் காத்திருக்கும் அடுத்தவரையும், நிறுத்திய வாகனத்தையும், கைபேசியை உயர்த்திப் பிடித்த கூட்டத்தையும் சட்டகத்துக்குள் விடட்டும். இன்றைய கொக்கலை அதுதான். எடுத்து முடித்ததும் அவர் பெயரைக் கேட்டு, எழுதிக்கொள்ளட்டுமா என்றும் கேட்க வேண்டும். சம்மதித்தால் படத்தின் கீழே பெயர், இடம், திகதி, கூலி கொடுத்து எடுத்தது என்ற நான்கையும் எழுத வேண்டும். களுத்துறையில் கேமரனின் கண்ணாடித் தகட்டின் முன் நின்றவர்களின் பெயர்களை இனி யாராலும் மீட்க முடியாது. கொக்கலையில் இருப்பவர் கேட்டால் சொல்லும் தூரத்தில் இருக்கிறார்.